பன்னிரண்டு கத்திகளில் ஒன்று

என் மேசையில் அட்டை கிழிந்த ஆங்கில நாவல் ஒன்று இருக்கிறது. கடைசி அத்தியாயத்துக்கு முந்தைய பக்கத்தில் ஒரு குறுக்கெழுத்துப் புதிர். கட்டங்களில் பாதிக்கு மேல் நீல மையில் நான் நிரப்பியவை. வலது ஓரத்தில் நான்கு கட்டங்களை மூடிக்கொண்டு ஒரு பழுப்புக் கறை. பார்க்கிறவர்கள், “டீ சிந்திட்டீங்களா?” என்று கேட்பார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவளிடம் வேறென்ன கேட்பார்கள்? நானும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அது என் பெரியப்பாவின் ரத்தம்.

இப்போது நான் எழுதுவதும் அதே வகை நாவல்கள்தான், தமிழில். மூன்று வந்துவிட்டன. ஒரு சின்ன ஊர், ஒரே ஒரு கொலை, அத்தியாயத்துக்கு ஒரு குறுக்கெழுத்துப் புதிர். புதிர்களின் விடைகளைச் சேர்த்துப் பார்த்தால் கொலையாளி யார் என்று தெரியும். “ரத்தத்தக் காட்டாதீங்க மேடம், நம்ம வாசகருங்க மத்தியானம் சாப்பிட்டுப் படுத்துக்கிட்டே படிக்கிறவங்க” என்பது என் பதிப்பாளர் எப்போதும் சொல்வது. அதனால் என் கதைகளில் பிணங்கள் மரியாதையாகக் கிடக்கும். துப்பறியும் பெண் குற்றவாளியின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். கதை முடிந்துவிடும். பெயரைச் சொன்ன அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்று நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதை இதுவரை எந்தக் கதையிலும் எழுதியதில்லை.

எங்கள் தோட்டம் நீலகிரியில், மஞ்சூருக்குக் கீழே இறங்கும் சரிவில் இருந்தது. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள். பெரியப்பா பத்து வயதில் கப்பலேறி வந்தவர். என் அப்பா இங்கே பிறந்தவர்; எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது கொழுந்துக்காட்டில் காட்டெருமை முட்டிச் செத்துப்போனார். குடலைத் துண்டால் கட்டித் தூக்கிவந்ததாகச் சொல்வார்கள். அன்றைக்கே அம்மாவும் பெரியப்பாவும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: இந்தப் பிள்ளை காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. பெரியம்மா முன்பே இறந்திருந்தார். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அடுத்தடுத்த இரண்டு அறைகளில் நாங்கள் மூவரும் ஒரே அடுப்பில் சாப்பிட்டோம். லயத்துப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் விறகு சுமந்தார்கள். நான் வாசலில் உட்கார்ந்து படித்தேன். “கலெக்டரம்மா படிக்கிறாங்க, சத்தம் போடாமப் போங்கடி” என்று என் வயதுப் பெண்கள் சுமையோடு நகர்ந்து போவார்கள். எனக்குக் கோபம் வராது, பெருமையாகத்தான் இருக்கும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் பெருமை இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆனால் அதற்கு விலை கொடுத்தது யார் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த ஆங்கில நாவல்கள் ஊட்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தவை. வெளிநாட்டில் ஏதோ ஒரு கிராமம். ஓய்வுபெற்ற ஓர் அம்மாள் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டே கொலைகளைக் கண்டுபிடிப்பாள். பக்கத்துக்கு இருபது சொல்லுக்கு அகராதி பார்த்துத்தான் படித்தேன். பெரியப்பா வேலை விட்டு வந்து தேத்தண்ணிக் கோப்பையோடு என் தோளுக்குப் பின்னால் நின்று கட்டங்களைப் பார்ப்பார். “கொழுந்துக்காடு மாதிரியே இருக்கு புள்ள. கறுப்புக் கட்டமெல்லாம் பாறை. பாறையச் சுத்தித்தான் நடக்கணும் போல” என்றார் ஒரு நாள். எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் பென்சிலை விட்டுப் பேனாவால் நிரப்ப ஆரம்பித்ததைப் பார்த்து, “தப்பாப் போச்சின்னா?” என்று கேட்டார். “தப்பாப் போகாது பெரியப்பா” என்றேன். அப்போது எனக்குப் பதினேழு வயது.

அந்த வருஷம் எங்கள் சரிவில் கவ்வாத்து நடந்தது. சில வருஷங்களுக்கு ஒரு முறை தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அதற்கென்று வளைந்த, கனமான கத்தி உண்டு. பெரியப்பா அந்த வேலையில் பேர் எடுத்தவர். வெட்டி விழும் குச்சிகளுக்கு மிலாறு என்று பெயர். லயத்து அடுப்புகள் எரிவது அதில்தான். ஆண்கள் வெட்டிக்கொண்டு போக, பெண்கள் பின்னால் மிலாறு பொறுக்குவார்கள். எந்த வரிசை யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பவர் மேஸ்திரி. செடி எவ்வளவு உயரத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க அவர் கையில் எப்போதும் ஓர் அளவுக்கம்பு இருக்கும். அந்தக் கம்பு செடிகளை மட்டும் அளந்ததில்லை. குனிந்து மிலாறு பொறுக்கும் பெண்களின் முதுகிலும் இடுப்பிலும் அது பட்டுப் போகும். நல்ல வரிசை கேட்டவர்களிடம் அவர் என்ன கேட்டார் என்பது லயம் முழுவதற்கும் தெரியும். எனக்குத் தெரியாது. காட்டில் நடப்பது எதுவும் என் காதுக்கு வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று பரீட்சைக்கு முந்தைய விடுமுறை. பகல் பதினொரு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. தேத்தண்ணி நேரம் முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பியபோது மேஸ்திரியைக் காணவில்லை. கீழ் வரிசையில் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் கிடந்தார். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் ஒரே வெட்டு. ஊட்டிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்று செய்தி வந்தது. மூன்று மணிக்குப் போலீஸ் வந்தது. ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்தினார்கள். அன்று கவ்வாத்து வெட்டிய பன்னிரண்டு பேரின் கத்திகளையும் வாங்கி ஒரு சாக்கில் பரப்பினார்கள். பன்னிரண்டும் கழுவப்பட்டிருந்தன. வேலை முடிந்ததும் செடிக்கறை போகக் கழுவுவது வழக்கம் என்பதால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

எழுத வந்த போலீஸ்காரருக்குக் காய்ச்சல். கை நடுங்கியது. “இங்க யாருக்காச்சும் நல்லா எழுத வருமா?” என்று எஸ்.ஐ. கேட்டார். கூட்டம் என்னை முன்னால் தள்ளியது. “வழி விடுங்கடி, கலெக்டரம்மா வர்றாங்க” என்ற குரல் அன்று கேலியாக ஒலிக்கவில்லை. கையிலிருந்த நாவலையே அட்டையாக வைத்துக்கொண்டு களத்தில் நின்றவர்களின் பெயர்களை எழுதினேன். எழுதி முடித்தபின்தான் சாக்கின் ஓரத்தில் மேஸ்திரியின் அளவுக்கம்பைப் பார்த்தேன். வெட்டைத் தடுக்க அவர் அதை உயர்த்தியிருக்க வேண்டும். இரண்டு துண்டாகிக் கிடந்தது. கம்பின் வெட்டுமுகம் வழவழப்பாக இருந்தது. ஆனால் அதன் குறுக்கே நூல் போல ஒரு மெல்லிய மேடு ஓடியது. வெட்டுவாயில் பல் விழுந்த, அதாவது துளி உடைந்துபோன, கத்தி வெட்டினால்தான் அப்படி ஒரு கோடு நிற்கும். நாவலில் அந்த அம்மாள் கேக் வெட்டும் கத்தியை வைத்து இதே போல ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தினால் இல்லை, சந்தோஷத்தினால். குனிந்து பன்னிரண்டு கத்திகளின் வாயையும் பார்த்தேன். ஒன்பதாவது கத்தியில் அரிசி அளவுக்கு ஒரு பல் விழுந்திருந்தது.

“சார், அந்தக் கம்ப வெட்டினது இந்தக் கத்திதான்” என்றேன்.

எஸ்.ஐ. சிரித்தார். பிறகு பக்கத்தில் கிடந்த ஒரு மிலாறை எடுத்து, அந்தக் கத்தியாலேயே வெட்டிப் பார்த்தார். அதே கோடு. இரண்டு வெட்டுமுகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னை ஏறிட்டார். “படிக்கிற புள்ளைன்னா இப்படித்தான் இருக்கோணும்” என்றார். அந்த ஒரு கணம், குறுக்கெழுத்தில் ஏழு கட்டங்களும் ஒன்றோடொன்று பொருந்தி ஒரு சொல் நிற்குமே, அந்தக் கணம். அதைப் போன்ற இன்பத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் அனுபவித்ததில்லை. “யாருதுய்யா இது?” என்று அவர் கத்தியைத் தூக்கிக் காட்டினார். சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னோடதுங்க ஐயா” என்று பெரியப்பா முன்னால் வந்தார்.

லயத்தில் ஐந்து வயதுப் பிள்ளையைக் கேட்டாலும் கைப்பிடியைப் பார்த்து எந்தக் கத்தி யாருடையது என்று சொல்லும். என் வீட்டுச் சுவரில், என் தலைக்கு மேல் தினமும் தொங்கிய கத்தி எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதை நான் ஒரு நாளும் தொட்டதில்லை. தொடவிட்டதில்லை.

அடுத்து நடந்ததுதான் நாவல்களில் இல்லாதது. மேஸ்திரியின் தம்பி, “டேய், எங்கண்ணனையாடா!” என்று அலறிக்கொண்டு பாய்ந்தான். அவனோடு நான்கு பேர். முதல் அடி தாடையில் விழுந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் காய்ந்த மிலாறு முறிவதைப் போலவே இருந்தது. பெரியப்பா விழுந்தார். அளவுக்கம்பின் நீளமான துண்டை எடுத்து ஒருவன் அவர் முகத்தில் மாறி மாறி அடித்தான். தம்பிக்காரன் அவருடைய வலது கையை ஒரு கல்லின் மேல் இழுத்து வைத்து, “இந்தக் கைதானே? இந்தக் கைதானே?” என்று கேட்டபடி இன்னொரு கல்லால் இடித்தான். விரல்கள் ஒவ்வொன்றாக வேறு வேறு பக்கம் திரும்பின. நான் புத்தகத்தோடு ஓடி அவர் மேல் விழுந்தேன். என் முதுகிலும் இரண்டு அடி. பெரியப்பாவின் கண் என்னைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் வாயைத் திறந்தபடி நின்ற அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. போலீஸ்காரர்கள் அவர்களைப் பிடித்து இழுத்தார்கள், அவசரமில்லாமல். அவர் வாயிலிருந்து வழிந்த ரத்தம் திறந்து கிடந்த பக்கத்தில் சொட்டியது.

வழக்கு முடிந்தபோது, திடீர்க் கோபத்தில் செய்தது என்று ஏழு வருஷம் போட்டார்கள். பெரியப்பா எதையும் மறுக்கவில்லை.

அதற்கு முன்பு, அவரைக் கொண்டுபோன நான்காவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் விறகு இல்லை. லயத்தில் யாரும் எங்களுக்கு ஒரு கட்டு கொடுக்கவில்லை. என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். நான் பக்கத்து வீட்டு வாசலில் கிடந்த கத்தியைக் கேட்காமலே எடுத்துவந்து, அம்மா கொண்டுவந்த மிலாறை வெட்டப் பார்த்தேன். கத்தி நழுவி என் கட்டைவிரலைக் கிழித்தது. “குடு இங்க” என்று அம்மா வாங்கினாள். இடது கையால் குச்சிகளைச் சேர்த்துப் பிடித்து, வலது கையை ஓங்காமல், மணிக்கட்டை மட்டும் திருப்பி வெட்டினாள். ஒரே அளவான துண்டுகள் வரிசையாக விழுந்தன. கொழுந்து பறிக்கும் கை அது. கத்தி பிடிக்கும் வேலை பெண்களுக்கு இல்லை.

“எங்கம்மா பழகின?” என்றேன்.

“உன் பெரியப்பா கத்தியிலதான். தேத்தண்ணி குடிக்கிற நேரத்துல எனக்குக் குடுப்பாரு, மிலாற அங்கேயே வெட்டிக் கட்ட. எத்தன வருசமா.”

சொல்லிவிட்டு வெட்டுவதை நிறுத்தினாள். கத்தி அப்படியே காற்றில் நின்றது. 

“அன்னைக்கும் என் கையிலதான் இருந்திச்சு” என்றாள். “கீழ் வரிசையில நான் மட்டும் நின்னேன். பின்னாடி வந்து பிடிச்சான். திமிறினதுக்குக் கம்பால மண்டையில போட்டான். இன்னொருக்கா ஓங்கினான். நான் கத்தியத் தூக்கினேன். கம்பு போச்சு. அப்பவாச்சும் போயிருக்கலாம் அவன். போகல.” பிறகு தலைமுடியை விலக்கிக் காட்டினாள். வகிட்டுக்குப் பக்கத்தில் ஆறிய தழும்பு இருந்தது. நான்கு மாதமாக அந்தத் தலைக்குப் பக்கத்தில்தான் நான் படுத்துத் தூங்கியிருக்கிறேன். ஓடையில் கத்தியைக் கழுவிப் பெரியப்பாவிடம் திருப்பிக் கொடுத்தபோது அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லையாம். தன் துண்டை அவிழ்த்து அம்மாவின் தலையில் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாராம்.

மறுநாளே இருவரும் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினோம். ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிடுவதாக அம்மா தயாராகவே வந்தாள். ஒரு பையில் மாற்றுச்சேலை கூட எடுத்து வைத்திருந்தாள். முதலில் அவரிடம் கேட்க வேண்டும் என்றேன் நான். ஜெயிலில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வந்து நின்றார். தாடை கோணலாக ஒட்டியிருந்தது. வலது கை, மூட முடியாத ஒரு நண்டு மாதிரி மார்பில் கிடந்தது. அம்மா பேச ஆரம்பித்ததுமே தலையை ஆட்டிவிட்டார்.

“ஒரு ஆளு உள்ள இருந்தாப் போதும். ரெண்டு பேரும் இங்க உக்காந்துக்கிட்டு என்னா செய்ய? புள்ளைய யாரு படிக்க வைக்கிறது?”

நான் அழுதேன். அவர் என்னைப் பார்த்தார். “நீ சொன்னதுல தப்பில்ல புள்ள. கத்தி அதுதான். கத்தியக் கேட்ட, ஆளக் கேக்கல. அவ்வளவுதான்” என்றார். அந்த வார்த்தையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இதற்கு மேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். தன்னைக் காத்துக்கொள்ளச் செய்ததைச் சட்டம் வேறு விதமாகப் பார்க்கும் என்று எனக்கு அன்றே தெரியும்; படித்திருந்தேன். அம்மாவின் தலைத் தழும்பு சாட்சி. அந்த மனிதன் கை வைத்த மற்றப் பெண்கள் சாட்சி. கூட்டத்தின் முன்னால் ஒரு கத்தியைப் பற்றி அவ்வளவு தைரியமாகப் பேசியவள், ஒரு வக்கீலைத் தேடிப் போயிருக்கலாம். போகவில்லை. அம்மா உள்ளே போனால் என் காலேஜ் நின்றுவிடும் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. பெரியப்பா வேண்டாம் என்று சொன்னது எனக்கு வசதியாகவும் இருந்தது. அவர் சொல்லைத் தட்டக் கூடாது என்று அம்மாவிடம் நானே எடுத்துச் சொன்னேன். மாற்றுச்சேலையோடு அம்மா என் பின்னால் பஸ் ஏறினாள். குன்னூர் வரும்வரை அந்தப் பையை மடியை விட்டு இறக்கவில்லை.

அம்மா நெஞ்சுச் சளியில் இறந்துபோனாள், அவர் வெளியே வருவதற்கு எட்டு மாதம் முன்பு. தன் பெயரை எந்தத் தாளிலும் நான் எழுத வேண்டியிராமல் போய்விட்டாள். இதை எழுதட்டுமா என்று பெரியப்பாவிடம்தான் கேட்டேன். “எழுதிக்க. அவ செஞ்சது தெரியட்டும். பேரு மட்டும் போடாத” என்றார்.

இப்போது ஊட்டிக்குப் பக்கத்தில், கேத்தியில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். அவர் இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டார். என் நாவல்களில் ஒரு வழக்கம் உண்டு: கொலைக்கருவி யாருடையது என்று கண்டுபிடித்த பிறகும் என் துப்பறியும் பெண் ஓர் அத்தியாயம் முழுக்க அலைந்து, அதை வேறு யார் யார் தொட்டார்கள் என்று வீடு வீடாகக் கேட்பாள். அந்த அத்தியாயம் இழுக்கிறது என்று வாசகர்கள் எழுதுகிறார்கள். பதிப்பாளர் வெட்டச் சொல்கிறார். நான் வெட்டுவதில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் பெரியப்பா அந்தப் பழைய நாவலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். “இதுல யாரு செஞ்சான்னு நீ சொல்லவே இல்லியே” என்றார். அன்றைக்குப் பிறகு நான் அதன் கடைசி அத்தியாயத்தைப் படிக்கவே இல்லை. உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கொலை செய்தது தபால்காரரின் மனைவி. குறுக்கெழுத்து அம்மாள் எல்லோர் முன்னாலும் பெயரைச் சொல்கிறாள். தபால்காரரின் மனைவி தலையைக் குனிந்துகொள்கிறாள். போலீஸ் வந்து அவளை அழைத்துப் போகிறது.

“யாரும் அடிக்கலியா?”

“இல்ல பெரியப்பா.”

“அப்புறம்?”

“எல்லாரும் டீ குடிக்கிறாங்க. அந்தம்மா பூனைக்குப் பால் ஊத்துறாங்க. முடிஞ்சிருச்சு.”

அவர் சிரித்தார். தாடை சரியாக மூடாததால் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வரும். “நல்ல ஊரு புள்ள அது” என்றார். பிறகு முந்தைய பக்கத்தைத் திருப்பி, வளைந்த விரலால் கறையைத் தொட்டார். “இது நானா?”

“ஆமா.”

“அடியில இருக்கற கட்டத்துக்கு இப்ப விடை தெரியுமில்ல? எழுத வேண்டியதுதான?”

பேனாவை எடுத்தேன். எழுதுவதற்கு முன்னால், இத்தனை வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். “பெரியப்பா, இந்தக் கத்திய வேற யாரு தொடுவாங்கன்னு அன்னைக்கு உங்கள நான் கேட்டிருந்தா, என்ன சொல்லியிருப்பீங்க?”

அவர் யோசிக்கவே இல்லை. “யாரும் தொடமாட்டாங்கன்னு பொய்தான் சொல்லியிருப்பேன்” என்றார். கோப்பையை இடது கையால் எடுத்து, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்தார்.

“ஆனா நீ கேட்டிருக்கலாம் புள்ள.”

புத்தகம் என் மேசையில் திறந்தபடி கிடக்கிறது. விடை எனக்குத் தெரியும். கறைக்கு அடியில் இருக்கும் நான்கு கட்டங்களும் காலியாகவே இருக்கின்றன.